எந்தக் காலத்து ரயில்? தோட்டத்தில் 1870-களை ஓட்டிய வால்ட் டிஸ்னி!

காலி தீப்பெட்டிகளை வரிசையா வெச்சு, நூல் கோத்து, தரையில இழுத்துட்டுப் போன ரயில் ஞாபகம் இருக்கா? கோவில்பட்டி, குளத்தூர், விளாத்திகுளம்னு கரிசல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது ரொம்ப ஈஸி. ஊர்ல தீப்பெட்டிக்குப் பஞ்சமே கிடையாது. அந்த ரயில்ல ஒரு சௌகரியம் உண்டு. அது எந்த வருஷத்து ரயில்னு யாரும் கேட்க மாட்டாங்க. வாயால நாம எழுப்புற சத்தம்தான் அது ஸ்டீமா, டீசலான்னு முடிவு பண்ணும்.

வளர்ந்த பிறகு மாடல் ரயிலை ஹாபியா எடுத்துக்கிறவங்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. அவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டிய விஷயமே எந்தக் காலம் என்பதுதான். ஐரோப்பாவில் ரயில் வரலாற்றையே ஆறு காலகட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கடையில் வாங்கும் மாடல் பெட்டியின் அட்டையிலேயே அந்த எண் அச்சாகியிருக்கும். 1920-க்கு முன்னால் ஓடிய இன்ஜினுக்குப் பின்னால் 1980-களின் பெட்டியை மாட்டினால், ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள்.

உலகமே அறிந்த ஒரு மனிதர் தன் 46-வது வயதில் இந்தக் கேள்விக்கு முன்னால் வந்து நின்றார். மிக்கி மவுஸைக் கொடுத்த வால்ட் டிஸ்னிதான் அவர். அவர் எடுத்த முடிவு வீட்டுத் தோட்டத்தோட நிக்கலை. டிஸ்னிலேண்ட் வரைக்கும் போச்சு.

தண்டவாளத்தில் காது வைத்த பையன்

டிஸ்னி பிறந்தது 1901 டிசம்பர் 5, சிகாகோவில். நான்கு வயதாக இருக்கும்போது, 1906-ல், குடும்பம் மிசௌரி மாநிலத்தில் இருக்கும் மார்சலீன் என்ற சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா எலியாஸ் அங்கே நிலம் வாங்கி விவசாயம் செய்ய வந்திருந்தார். மார்சலீன், ரயிலுக்காகவே பிறந்த ஊர். சான்டா ஃபே ரயில்வே நிறுவனம் சிகாகோவுக்கும் கான்சஸ் சிட்டிக்கும் நடுவில் பாதை போட்டபோது 1888-ல் உருவான ஊர் அது. டிஸ்னியின் அம்மா வழி உறவினர் மைக் மார்ட்டின் அந்தப் பாதையில் இன்ஜின் டிரைவர். அவர் வீட்டுக்கு வந்தால் மிட்டாயும் வரும், கதையும் வரும். வண்டி வருதான்னு தெரிஞ்சுக்க டிஸ்னி தண்டவாளத்துல காதை வெச்சுக் கேட்பாராம். நம்ம ஊர்ப் பிள்ளைகளும் செஞ்ச வேலைதான் (இப்போ செய்யாதீங்க, ப்ளீஸ்).

அந்தச் சந்தோஷம் ஐந்து வருஷம்கூட முழுசா நீடிக்கவில்லை. விவசாயம் கைகொடுக்கவில்லை, அப்பா உடல்நலம் குன்றிப் படுத்தார், பண்ணையை விற்க வேண்டியதாயிற்று. 1911-ல் குடும்பம் கான்சஸ் சிட்டிக்குப் போனது. அப்பா பேப்பர் ஏஜென்சி எடுத்தார். ஒன்பது வயது டிஸ்னி பொழுது விடியுமுன் எழுந்து, பனியிலும் வீடு வீடாகப் பேப்பர் போட்டார். ஆறு வருஷம் அந்த வேலை. வளர்ந்த பிறகும் கனவில்கூட அது துரத்தியதாகச் சொல்வார்கள். மார்சலீன் அவர் மனதில் சொர்க்கமாகத் தங்கிப்போனதற்கு, அதற்குப் பின்னால் வந்த இந்த வருஷங்களும் ஒரு காரணம்.

1917 கோடையில், 15 வயதில், ரயிலில் பேப்பர், மிட்டாய், பழம், சோடா, சுருட்டு விற்கும் வேலையில் சேர்ந்தார். அண்ணன் ராய் முன்பு செய்த வேலை அது. கோவில்பட்டி ஸ்டேஷன்ல வண்டி நின்னதும் கடலை மிட்டாய் பாக்கெட்டோட ஏறி வர்றவங்களைப் பார்த்திருப்பீங்க இல்லையா, கிட்டத்தட்ட அதே தொழில். வியாபாரத்தில் டிஸ்னி படு மோசம். சோடா விற்று, காலி பாட்டில்களைத் திரும்ப எடுக்கப் போனால், அந்தப் பெட்டிகளையே கழற்றிவிட்டிருப்பார்கள். பாட்டில் நஷ்டம் இவர் தலையில் விழும். விற்கக் கொடுத்த புகையிலையை இன்ஜின் ஆட்களிடம் கொடுத்து, இன்ஜினில் ஏறி நின்று பயணம் செய்வார். சீசன் முடிவில் கையில் கடன்தான் மிச்சம். ஆனால் இன்ஜினுக்குள் நின்றவருக்கு அது நஷ்டமாகத் தோன்றியிருக்குமா என்ன?

1928-ல் நியூயார்க் போன டிஸ்னி, தான் உருவாக்கிய ஆஸ்வால்டு முயல் கதாபாத்திரத்தின் உரிமையைப் பறிகொடுத்துவிட்டு, ரயிலில் லாஸ் ஏஞ்சலஸ் திரும்பினார். அந்தப் பயணத்தில்தான் மிக்கி மவுஸ் பிறந்தது என்பது டிஸ்னியே பரப்பிய கதை. முழுக்க உண்மையா என்பது வேறு விஷயம். கதை சொல்லும்போதுகூட அவர் அதை ரயிலில்தான் கொண்டுபோய் வைத்தார்.

கழுத்து வலியும் கிறிஸ்துமஸ் ரயிலும்

அடுத்த இருபது வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். மிக்கி, ஸ்நோ ஒயிட், புகழ், விருதுகள். 1941-ல் ஸ்டூடியோ கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குடும்பம் மாதிரி நடத்துகிறோம் என்று நம்பிய முதலாளிக்கு அது ஆறாத காயம். (கலைஞர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லியாகணும். சம்பளத்துல அவ்வளவு ஏற்றத்தாழ்வு.) பிறகு உலகப் போர், வங்கிக் கடன், ஆட்குறைப்பு. போலோ விளையாட்டில் பட்ட பழைய அடியால் கழுத்திலும் முதுகிலும் தீராத வலி. சாயங்காலம் ஆனால் ஸ்டூடியோ நர்ஸ் ஹேஸல் ஜார்ஜ் ஒத்தடம் கொடுக்க வேண்டும். இன்று நாம் 'பர்ன் அவுட்' என்று சொல்லும் நிலைக்கு அவர் வந்துவிட்டார்.

1947 கிறிஸ்துமஸுக்கு அவர் தனக்குத்தானே ஒரு பரிசு வாங்கிக்கொண்டார். லயனல் கம்பெனியின் எலெக்ட்ரிக் பொம்மை ரயில். அதை ஆபீஸை ஒட்டிய அறையில் ஓடவிட்டார். சின்ன வயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காத பொருள் என்று தங்கைக்குக் கடிதம்கூட எழுதினார்.

அவருடைய ஸ்டூடியோவிலேயே இரண்டு ரயில் பைத்தியங்கள் இருந்தார்கள். ஓலி ஜான்ஸ்டன் வீட்டுத் தோட்டத்தில் ஆள் உட்கார்ந்து போகும் குட்டி நீராவி ரயிலைக் கட்டிக்கொண்டிருந்தார். வார்டு கிம்பல் அதற்கும் மேலே. 1881-ல் செய்த நிஜ நீராவி இன்ஜினையே 1938-ல் வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம் போட்டு நிறுத்தியிருந்தார். இவற்றைப் பார்த்த பிறகு, மேஜை மேல் சுற்றும் லயனல் டிஸ்னிக்குப் போதவில்லை.

1948 ஆகஸ்டில் சிகாகோவில் பெரிய ரயில் கண்காட்சி நடந்தது. ஓய்வுக்குப் போய்விட்டு வரச் சொன்னது நர்ஸ் ஹேஸல்தான். டிஸ்னி துணைக்குக் கிம்பலைக் கூட்டிக்கொண்டு, சான்டா ஃபேயின் சூப்பர் சீஃப் ரயிலில் கிளம்பினார். அது பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிகள் கொண்ட டீசல் ரயில், அந்தக் காலத்து ஆடம்பரத்தின் உச்சம். ஹார்ன் அடிக்கக்கூட அவரை அனுமதித்தார்கள். கண்காட்சியிலோ நூறு வருஷ ரயில் வரலாறு கண்முன்னால் நகர்ந்தது. பழைய நீராவி இன்ஜின்களில் ஏறி ஓட்டியும் பார்த்தார்கள்.

மூன்று காலங்கள், ஒரு முடிவு

ஊர் திரும்பியதும் தனக்கென்று ஒரு ரயில் கட்ட முடிவு செய்தார் டிஸ்னி. அசலில் எட்டில் ஒரு பங்கு அளவு. தண்டவாளங்களுக்கு நடுவே ஏழேகால் அங்குலம். நிஜமான நீராவி, நிஜமான நிலக்கரி.

எந்தக் காலத்து இன்ஜின்? அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, நிகழ்காலம். சூப்பர் சீஃப் மாதிரி ஒரு டீசல் வண்டி. அமெரிக்காவே அப்போது நீராவியை மூட்டை கட்டி வைத்துவிட்டு டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தது. இரண்டாவது, அவருடைய சொந்தக் குழந்தைப் பருவம். மைக் மார்ட்டின் ஓட்டிய, 1906 - 1911 காலத்து சான்டா ஃபே இன்ஜின். எல்லோரும் இதைத்தான் எடுப்பார் என்று நினைத்திருப்போம். நாம் எதை ஹாபியாக எடுத்தாலும் பத்து வயசில் பார்த்ததைத்தானே தேடிப் போவோம்?

டிஸ்னி மூன்றாவதை எடுத்தார். அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முந்தைய இன்ஜின். சென்ட்ரல் பசிபிக் ரயில்வேயின் 173-ஆம் எண். 1864-ல் செய்யப்பட்டு, ஒரு விபத்துக்குப் பிறகு 1870-களின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்ட வண்டி. முன்னால் நாலு சின்னச் சக்கரம், பின்னால் நாலு பெரிய சக்கரம், மேலே அகலமான வைர வடிவப் புகைபோக்கி. கௌபாய் படங்கள்ல பார்ப்போமே, அந்த ஜாதி. சதர்ன் பசிபிக் நிறுவனத்திடம் பழைய வரைபடம் கிடைத்தது. அதை வைத்து புது வரைபடங்கள் போட்டு, ரோஜர் ப்ரோகி தலைமையிலான ஸ்டூடியோ லேத் பட்டறையில் வேலை ஆரம்பமானது.

ஏன் தன் ஞாபகத்தில் இருந்த காலத்தை விட்டுவிட்டு, பார்த்தே இராத காலத்துக்குப் போனார்? அந்த இன்ஜினின் அழகு ஒரு காரணம். 1870-களின் இன்ஜினில் எதுவும் மூடியிருக்காது. பித்தளைக் குழாய், தண்டு, மணி எல்லாம் வெளியே தெரியும். ஓடும்போது ஒவ்வொன்றும் அசையும். அனிமேஷன்காரருக்கு அதைவிட என்ன வேண்டும்? இன்னொரு காரணத்தை நான் ஊகமாகத்தான் சொல்ல முடியும். மார்சலீன் ரயிலை அப்படியே செய்தால், கதை 1911-ல் போய் முட்டும். விற்ற பண்ணை, படுத்த அப்பா, பனியில் பேப்பர் கட்டு. பிறப்பதற்கு முந்தைய காலத்தில் அந்த எதுவும் கிடையாது. தன் வாழ்க்கையில் எதுவும் கெட்டுப்போவதற்கு முன்னால் இருந்த ஒரு காலத்தை அவர் எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முடிவு எடுத்த பிறகு அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. ரயிலின் கடைசியில் மாட்டும் கார்டு பெட்டியை டிஸ்னி தன் கையாலேயே செய்தார். உள்ளே ஊழியர்கள் படுக்க மெத்தையோடு குட்டிக் கட்டில், முகம் கழுவ மேடை. செய்தித்தாள் செருகும் இடத்தில் 1880-களின் பேப்பர்கள், எழுத்தெல்லாம் சுருங்கிக் குட்டியாக. அந்தப் பெட்டிக்குள் எந்த மனிதரும் நுழைய முடியாது. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தால்தான் உண்டு. அப்படிப் பார்க்கிறவர்கூட பேப்பர் தேதியைப் படிக்கப் போறதில்லை. ஆனா அது 1940-களோட பேப்பரா இருந்தா, டிஸ்னிக்குத் தெரியுமே!

பெட்டிக்குள் வைக்க, வயிறு பெருத்த ஒரு குட்டி இரும்புக் கணப்பு அடுப்பும் செய்தார். அது அவருக்கே அவ்வளவு பிடித்துப்போய், ஏறக்குறைய நூறு அடுப்புகளை வார்த்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வண்ணம் அடித்தார். நியூயார்க்கில் ஒரு பழம்பொருள் கடையில் ஒன்று 25 டாலருக்கு விற்பனைக்குக்கூட வந்தது. உலகின் மிகப் பெரிய கார்ட்டூன் கம்பெனி முதலாளி, ராத்திரி உட்கார்ந்து பொம்மை அடுப்புக்குப் பெயின்ட் அடிக்கிறார். அந்த நேரத்தில் கழுத்து வலியும் வங்கிக் கடனும் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கும்.

மனைவியோடு ஓர் ஒப்பந்தம்

ரயிலுக்கு நிலம் வேண்டுமே. லாஸ் ஏஞ்சலஸ் ஹோம்பி ஹில்ஸ் பகுதியில் கரோல்வுட் சாலையில் புது வீட்டுக்கு இடம் தேடும்போதே தண்டவாளத்தை மனதில் வைத்துத்தான் தேடினார். மனைவி லில்லியனுக்குத் தோட்டத்தின் மேல் ஆசை. எனவே, லில்லியன், மகள்கள் டயான், ஷெரன் மூவரோடும் சட்ட மொழியில் ஒரு விளையாட்டு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார் டிஸ்னி. நிலம் குடும்பத்துடையது, பாதை உரிமை மட்டும் ரயில்வேக்கு! லில்லியனின் பூச்செடிகள் வரும் இடத்தில் ரயில் பூமிக்கடியில் போனது. 90 அடி நீளச் சுரங்கப்பாதை. உள்ளே நுழைகிறவருக்கு மறுமுனை தெரியக் கூடாது என்பதற்காக அதை எஸ் எழுத்து மாதிரி வளைத்தார்.

இன்ஜினுக்கு மனைவியின் பெயர், லில்லி பெல். ரயில்வேக்கு கரோல்வுட் பசிபிக். 1949 டிசம்பர் 24-ல் ஸ்டூடியோவில் முதல் ஓட்டம். 1950 மே 7-ல் வீட்டில். மொத்தம் 2,615 அடி பாதை, 46 அடி நீளத்தில் மரச் சட்டங்களால் ஆன உயரமான பாலம். சினிமா நட்சத்திரங்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என்று எல்லோரும் சரக்குப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து போக, தொப்பியோடு டிஸ்னி ஓட்டினார்.

இதையே நம்ம கரிசல் பூமியில ஒருத்தர் செய்யணும்னா எந்தக் காலத்தை எடுக்கலாம்? எனக்கு யோசிக்கவே ஜாலியா இருக்கு. மதுரையில் இருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு 1876-ல் மீட்டர் கேஜ் பாதை வந்தது. மணியாச்சி ஸ்டேஷனை 1911 ஜூன் 17-ஆக எடுத்துக்கொண்டால், வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட நாள். போர்டில் வெறும் மணியாச்சி என்றுதான் இருக்க வேண்டும், 'வாஞ்சி' ரொம்பப் பின்னால் சேர்ந்தது. கொழும்புக் கப்பலோடு இணைந்த போட் மெயில் அப்போது தூத்துக்குடியில் இருந்துதான் கிளம்பும். தனுஷ்கோடிக்கு அது மாறியது 1914-ல். மேலே மின்கம்பி இருக்கவே கூடாது. தாத்தா பாட்டி காலம் வேண்டுமென்றால், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த ஒய்.பி. நீராவி இன்ஜினும் செங்கல் நிறப் பெட்டிகளும். அப்பா அம்மா காலேஜ் போன காலம் என்றால் அதே மீட்டர் கேஜ், முன்னால் டீசல் இன்ஜின்.

இன்றைய அகலப்பாதையை எடுத்தால் ஒரு சிக்கல் இருக்கு. உலகம் முழுக்கப் பரவலான 87-ல் ஒரு பங்கு அளவில், கடையில் கிடைக்கிற தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம்ம அகலப்பாதை அசலில் 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வரும். அதாவது ரெடிமேட் தண்டவாளம் நம்ம ரயிலுக்கு ஒடுங்கிப்போகும். மீட்டர் கேஜுக்கு 11.5 வரும். சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் மீட்டர் கேஜ் என்பதால் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடைகளில் உண்டு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆக, நம்ம பக்கம் பழைய காலத்தை எடுக்கிறவங்களுக்கு தண்டவாளம் ஈஸி. இன்ஜினைத்தான் சொந்தமா செதுக்கணும்.

நின்றுபோன ரயில்

கரோல்வுட் பசிபிக் மூன்று வருஷம்தான் ஓடியது. 1953-ல் ஒரு நாள், விருந்தினர் ஒருவர் வளைவில் வேகமாக ஓட்டியதில் லில்லி பெல் தடம் புரண்டு சாய்ந்தது. உடைந்த இடத்தில் இருந்து சீறிய நீராவி, ஐந்து வயதுக் குழந்தை ஒன்றைச் சுட்டுவிட்டது. டிஸ்னி சமாதானம் எதுவும் தேடவில்லை. அதோடு ரயிலை நிறுத்தினார், இன்ஜினை ஸ்டூடியோவில் கொண்டுபோய் வைத்துவிட்டார். நிஜ நீராவி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவருக்கு, நிஜ நீராவி சுடும் என்பதும் தெரிந்துதான் இருந்திருக்கும். எந்தக் காலத்தை எடுத்தாலும் அதன் ஆபத்தும் கூடவே வருமே.

ஆனால் அவர் எடுத்த முடிவு அதற்குள் வேறு இடத்தில் வேர் விட்டிருந்தது. சிகாகோவில் இருந்து திரும்பிய அதே மாதம், 1948 ஆகஸ்ட் 31-ல், ஒரு சின்னப் பூங்காவுக்கான திட்டக் குறிப்பை அவர் எழுதியிருந்தார். அதில் பழங்காலத்து ஊரும் ரயில் நிலையமும் இருந்தன. அந்தக் குறிப்பு வளர்ந்து வளர்ந்து, 1955 ஜூலை 17-ல் கலிஃபோர்னியாவின் அனஹெய்மில் டிஸ்னிலேண்டாகத் திறந்தது. நுழைந்ததும் வரும் மெயின் ஸ்ட்ரீட், 1900-களை ஒட்டிய சிற்றூர்த் தெரு. மார்சலீன் ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டது, எலியாஸின் பண்ணைக் கஷ்டம் இல்லாமல். பூங்காவைச் சுற்றி மூன்று அடி அகலப் பாதையில் ரயில். முதல் இன்ஜினுக்கு லில்லி பெல்லின் வரைபடங்களே அடிப்படை, அதே வைரப் புகைபோக்கியோடு. இரண்டாவது இன்ஜினுக்கு நேரான புகைபோக்கி வைத்து, கொஞ்சம் பிந்தைய காலத்தின் சாயல் கொடுத்தார்கள்.

டிஸ்னிக்கு எதிர்காலத்தின் மேலும் ஆசை உண்டு. அதே பூங்காவில் 1957 ஜூனில் வ்யூலைனர் என்ற நவீன ரயிலை விட்டார். வழவழப்பான உடல், கார் பாகங்களால் ஆன இன்ஜின், நாளைய ரயில் என்று விளம்பரம். 1958 செப்டம்பரில் அது நின்றுவிட்டது. அடுத்த வருஷம் அந்தப் பகுதிக்கு மோனோ ரயில் வந்தது. 1870-களின் சாயலில் செய்த முதலாம் எண் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

1966 டிசம்பர் 15-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தபோது டிஸ்னிக்கு வயது 65. லில்லி பெல் இப்போது சான் ஃபிரான்சிஸ்கோவில், குடும்பத்தினர் அமைத்த மியூசியத்தில் நிற்கிறது. கரோல்வுட் வீடு கைமாறியபோது, தோட்டத்தில் இருந்த சிவப்பு மரக் கொட்டகையை மட்டும் மகள் டயான் விட்டுக்கொடுக்கவில்லை. டிஸ்னி ரயில் வேலைகள் செய்த பட்டறை அது. மார்சலீன் பண்ணையில் இருந்த கொட்டகையின் நினைவாகக் கட்டியது. பலகை பலகையாகப் பிரித்து, லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பார்க்கில் திரும்ப எழுப்பினார்கள். 1999-ல் இருந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து வைக்கிறார்கள். அனுமதி இலவசம்.